மூன்றாம் ஓலைக்கு முன்னால்

ஆவடி,
12-9-1988

யேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணன் பாஸ்கலுக்குத் தங்கை செலின் எழுதுவது. அப்பாவுக்கு முழங்கால் வலி இந்த வருடம் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அம்மாவுக்கு வழக்கம்போல எல்லார் மேலும் கோபம். ஆகவே இருவரும் சுகம். பஹ்ரைன் வெயிலில் நீ கருவாடாகிவிடாமல் இருக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இரண்டு செய்தி இருக்கிறது. சின்னதை முதலில் சொல்கிறேன். எனக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. நீ சொல்லிவிட்ட இடம்தான். உன் மேஸ்திரி சின்னப்பனின் அண்ணன், பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியசாமி, அவருடைய பையன் சவரிநாதன். போன ஞாயிறு பெண் பார்க்க வந்தார்கள். தாயில்லாத பையனை வளர்த்த தெரசா அத்தைதான் அந்த வீட்டில் எல்லாம் போலிருக்கிறது. பஜ்ஜியில் உப்பு குறைவு என்பதைக்கூட அவர்தான் எல்லாருக்குமாகச் சொன்னார். நான் சும்மா இருக்க மாட்டாமல் மாப்பிள்ளையிடம், "பாட்டுக் கேப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு, "நியூஸ் மட்டுந்தாங்க கேப்பேன்" என்றார். அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்த் தொடையில் கிள்ளினாள். ஆனால் ஆள் நல்ல மாதிரியாகத் தெரிகிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பெரிய செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. காப்பர் மைல் மெட்ராஸுக்குப் பாட வருகிறார்கள்! ஜனவரி மாதம், நந்தனம் மைதானத்தில். மவுண்ட் ரோடு கேசட் கடையில் போஸ்டரே ஒட்டிவிட்டார்கள். நாலு பேர் படமும் இருக்கிறது. டிரம் அடிப்பவனுக்கு வழுக்கை விழுந்துவிட்டது.

ஒன்பது வருடம் அண்ணா. அப்பாவின் ரேடியோவில் ஜெபமாலை வரும் ஸ்டேஷனைத் தேடும்போது முள் நகர்ந்து அவர்களுடைய கிடார் சத்தம் கேட்டதே, அன்றிலிருந்து ஒன்பது வருடம். (முள்ளை நகர்த்தியது நான்தான். நீ என்று நீ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.) அவர்கள் எந்த ஊருக்கு வந்தாலும் இரண்டு பேரும் போவது என்று சொன்னோமே. நம் ஊருக்கே வருகிறார்கள். லீவு போட்டுவிட்டு வா.

முத்தங்களுடன்,
செலின்


மனாமா,
3-10-1988

அன்புத் தங்கை செலினுக்கு அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். அப்பாவுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தைத் தங்கும் அறையில் படித்துவிட்டுக் கட்டிலில் ஏறிக் குதித்தேன். கட்டில் கால் ஒன்று போய்விட்டது. மலையாளத்து ஆள் ஒருவர் கீழ்க்கட்டிலில் படுத்திருந்தார், நல்லவேளை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் கல்யாணத்துக்குக் குதிக்காமல் இதற்குக் குதித்தேன் என்று அம்மாவிடம் சொல்லாதே.

டிக்கெட் உடனே வாங்கிவிடு. எனக்கும் சேர்த்து. பிப்ரவரியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன்னால் ஜனவரியில் ஒரு மாதம் லீவு கேட்டால் கச்சேரியும் ஆயிற்று, உன் கல்யாணமும் ஆயிற்று. சின்னப்பன் அண்ணனிடம் பேசுகிறேன். பாஸ்போர்ட் அவர் பெட்டியில்தான் இருக்கிறது. இனி உனக்கு அவர் சின்ன மாமனார் அல்லவா, தட்ட மாட்டார்.

அந்தப் பதினோரு நிமிஷப் பாட்டை வாசிப்பார்களா? வாசிக்காவிட்டால் மேடையில் ஏறிக் கேட்டுவிடலாம். முள்ளை நகர்த்தியது நான்.

அன்புடன்,
பாஸ்கல்


ஆவடி,
6-11-1988

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே மழை கொட்டுகிறது, வீட்டில் எல்லாரும் ஒழுகாத இடத்தில் ஒடுங்கிச் சுகமாக இருக்கிறோம். தைலம் வந்தது. அப்பா தடவிக்கொண்டு கோயிலுக்குப் போனார், இரண்டு வரிசைக்கு மணந்தது.

டிக்கெட் வாங்கிவிட்டேன்! உனக்கொன்று எனக்கொன்று. ஃபாக்டரியில் என்னோடு மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் வேம்புலியம்மாளைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். வெள்ளானூர்க்காரி, உனக்குத் தெரியாது. இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் என் கேசட்டைக் கேட்டுக் கேட்டு டிபன் டப்பாவில் தாளம் போடுவாள். வரிசையில் எல்லாம் காலேஜ் பையன்கள். ஃபாக்டரிச் சேலையும் டிபன் பையுமாக நிற்கிற எங்களைப் பார்த்து ஒருவன், "யாருக்கு வாங்கித் தர்றீங்க?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் வேம்புலியம்மாள் முந்திக்கொண்டாள். "இன்னா தம்பி, நீ செக்கரா? போயி வரிசைல நில்லு." அவன் நின்றான்.

இப்போது ஒரு சிக்கல். பிப்ரவரி எட்டாம் தேதி சாம்பல் புதன் வந்துவிடுகிறது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் பிப்ரவரி ஆறு, திங்கட்கிழமை என்று குறித்துவிட்டார்கள். கோயிலில் ஓலை வாசிப்பது ஜனவரி பதினைந்து, இருபத்திரண்டு, இருபத்தொன்பது, மூன்று ஞாயிறு. கச்சேரி இருபத்தொன்று, சனிக்கிழமை. முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில்!

அம்மா குதிக்கிறாள். "ஓல உழுந்த பொண்ணு கோயிலத் தவுர எங்கியும் படி தாண்டக் கூடாது. ஊர் ஒலகத்துல இல்லாத வழக்கமா?" என்கிறாள். ஃபாக்டரிக்கே லீவு சொல்லச் சொல்கிறாள். ஓலையில் என்னதான் இருக்கிறது? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதானே. பாட்டுக் கேட்பது எந்த ஊரில் தடை?

நீ அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. அண்ணன் கூடவே போகிறான் என்றால் அவள் வாயை மூடிக்கொள்வாள். சீக்கிரம் எழுது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
செலின்


மனாமா,
1-12-1988

அன்புள்ள செலினுக்கு, நலம், நலமறிய ஆவல்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கும் வர முடியாது போலிருக்கிறது. வருத்தப்படாதே, இங்கே வேலை அதிகம்.

கச்சேரி விஷயம் யோசித்துப் பார்த்தேன். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்யாணம் நிச்சயமான பெண் அப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போவது நன்றாக இருக்காது. அவர்கள் வீடு கட்டுப்பாடான வீடு. சின்னப்பன் அண்ணன் நம் குடும்பத்தைப் பற்றி மிக உயர்வாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நம்மிடம்தான் அவர்களுடைய எல்லாக் கேசட்டும் இருக்கிறதே, வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடு.

பெரியவர்கள் சொல்படி நட. அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பாஸ்கல்


ஆவடி,
22-12-1988

அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கிறிஸ்துமஸ் வாழ்த்து.

நீ எழுதிய கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கையெழுத்து உன்னுடையதுதான். "அப்படிப்பட்ட கூட்டம்" என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நீ, இரண்டாவது ஆள் நான். கட்டிலை உடைத்தவன் எங்கே போனான்?

சொன்னபடி உன் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டேன். வேம்புலியம்மாளுக்கு. என்னுடையதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

அப்பாவிடமும் அம்மாவிடமும் நேராகச் சொல்லிவிட்டேன். நைட் டூட்டி, சிநேகிதி வீட்டுக் காதுகுத்து என்று புளுக எனக்கு எத்தனையோ வழி இருந்தது. எதற்குப் புளுக வேண்டும்? நான் என்ன திருடவா போகிறேன்? அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் சத்தமாக வைக்கிறாள். அப்பா வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பொய் சொல்ட்டுப் போயிருந்தின்னா கால ஒடிச்சிருப்பேன். சொல்ட்டுப் போறேன்ற. இன்னா பண்றதுன்னு எனுக்குத் தெர்ல போ" என்றார். போ என்றாரா, போகச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

செலின்


ஆவடி,
2-2-1989

அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு உன்னிடமிருந்து அட்டைகூட வரவில்லை. ஆனாலும் இங்கே நடந்ததை நீ என் வாயால் தெரிந்துகொள்வது நல்லது. அப்பா அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனேன். பார்த்தேன். கேட்டேன். ஒன்பதே காலுக்கு சென்ட்ரலில் வண்டி பிடித்து வேம்புலியம்மாளோடு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலைப் பூசைக்கு முதல் வரிசையில் முட்டாக்கோடு உட்கார்ந்து என் இரண்டாம் ஓலையைக் கேட்டேன். தொண்டை கட்டிப் போய் "ஆமென்" மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை இங்கிலீஷ் பேப்பரில் என் படம் வந்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி, கடைவாய்ப்பல் தெரியக் கத்திக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வேம்புலியம்மாள் பாதி. பூந்தமல்லிப் பட்டறைக்கு வந்த யாரோ அதைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள்.

புதன்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். ஆரோக்கியசாமி, தெரசா அத்தை, அவர். அத்தை பேப்பரை விரித்து மேஜையில் வைத்து, "ஓல உழுந்த பொண்ணு ஆடுற ஆட்டத்தப் பாருங்க. எங்க ஊட்டு மருமவ இப்பிடி வாயப் பொளந்துகினு பேப்பர்ல வரணுமா?" என்றார். பெண் இன்னின்ன தவறு செய்தேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று சாமியாருக்கு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் மூன்றாம் ஓலையாம். அம்மா அழுதாள். அப்பா கையைப் பிசைந்தார். நான் சவரிநாதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியாது என்றேன். மூன்றாம் ஓலை நின்றது. இனி ஈஸ்டர் முடிந்துதான் எதுவும்.

கச்சேரியைப் பற்றி உனக்கு ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. உனக்கு அது "அப்படிப்பட்ட கூட்டம்".

செலின்


மனாமா,
21-2-1989

அன்புள்ள செலினுக்கு, கடவுள் கிருபையால் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நடந்தது நடந்துவிட்டது. இதைப் பெரிதாக்காமல் முடித்துவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது. உன்னால் எழுத முடியாது என்று தெரியும், அதனால் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சின்னப்பன் அண்ணனிடமும் காட்டிவிட்டேன், போதும் என்றார். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அவர் தினமும் கேட்கிறார். எனக்காகப் போடு.

"பங்குத் தந்தை அவர்களுக்கு, ராயப்பன் மகள் செலின் எழுதிக்கொள்வது. நான் தோழியின் வற்புறுத்தலால், அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியாமல் மேற்படி நிகழ்ச்சிக்குச் சென்றுவிட்டேன். கூட்ட நெரிசலில் பயந்து கூச்சலிட்டதையே படமாக எடுத்துவிட்டார்கள். இதனால் இரு குடும்பத்துக்கும் நேர்ந்த அவமானத்துக்கு மனம் வருந்துகிறேன். இனி இப்படிப்பட்ட இடங்களுக்குச் செல்ல மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்."

இப்படிக்கு,
பாஸ்கல்

பி.கு. அந்தப் பதினோரு நிமிஷப் பாட்டை வாசித்தார்களா? அதை மட்டும் எழுது.


ஆவடி,
14-3-1989

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு லேசான காய்ச்சல் வந்து போய்விட்டது. மற்றபடி குறைவில்லை.

நீ அனுப்பிய கடிதம் கிடைத்தது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆனால் அதில் சில பிழைகள் இருந்தன, திருத்தி நல்லபடியாக எழுதிச் சாமியாரிடம் நேரில் கொடுத்தேன். உனக்கும் ஒரு நகல்.

"பங்குத் தந்தை அவர்களுக்கு, ராயப்பன், ஞானகுமாரி இவர்களின் மகள் செலின் எழுதிக்கொள்வது. நான் தோழியை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு, அது எப்படிப்பட்ட இடம் என்று ஒன்பது வருடமாக நன்றாகத் தெரிந்தே மேற்படி நிகழ்ச்சிக்குச் சென்றேன். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சென்றேன். படத்தில் நான் கூச்சலிடவில்லை, பாடுகிறேன். சந்தோஷம் தாங்காமல் பாடுகிறேன். இதில் யாருக்கு என்ன அவமானம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் மறுபடி வந்தால் மறுபடி செல்வேன் என்று உறுதி கூறுகிறேன்."

சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். "இதை நான் யாருக்கும் காட்டப் போவதில்லை. ஆனால் பாட்டுக் கேட்கப் போனது திருமணத்துக்குத் தடை என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி மூன்றாம் ஓலை வாசிப்பேன், அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

தோழியின் வற்புறுத்தல் என்று எழுதினாயே, வேம்புலியம்மாள் உனக்கு என்ன பாவம் செய்தாள்? அவளிடம் படித்துக் காட்டினேன். "உங்கண்ணனுக்கு எதுக்கோ பயம் கீது செலினு. இல்லாட்டி இப்பிடி எழுத மாட்டாரு" என்றாள். உன்னை ஒருநாள்கூடப் பார்க்காதவள் உனக்காகப் பேசுகிறாள். நீ எனக்காகப் பேசவில்லை.

ஓலைக்கு இன்னும் நாலு ஞாயிறு இருக்கிறது. யாராவது ஒரு வார்த்தை பேசுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்ல மாட்டேன்.

செலின்


ஆவடி,
12-4-1989

அண்ணனுக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்தது. அப்பா அம்மா சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். அதற்கு மேல் இப்போது கேட்காதே.

கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியது நான்.

எட்டாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், மூன்று பேரும் மறுபடி வந்தார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, கையில் பழத்தட்டு. தெரசா அத்தை காப்பியைக் குடித்துவிட்டு, "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. நாங்க மன்னிச்சிட்டோம்" என்றார். ஆரோக்கியசாமி, "ஆமா, மன்னிச்சிட்டோம்" என்றார். பிறகு அத்தை பையனைப் பார்த்தார். சவரிநாதன் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிட்டோங்க" என்றார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு முன்னால் சாமியார் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த அறைக்குப் போனேன். "ஃபாதர், தடை தெரிந்தவர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஓலையில் வாசிக்கிறீர்களே, எனக்கு ஒரு தடை தெரியும்" என்றேன். அவர், "எந்தக் கல்யாணத்துக்கும்மா?" என்று கேட்டார். "என் கல்யாணத்துக்கு" என்றேன்.

உபதேசியார் தூபக்கால் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன தடை?"

"பெண்ணுக்கு விருப்பமில்லை."

முப்பது வருடமாக ஓலை வாசிக்கிறாராம். பழைய கடன், பழைய உறவு, பழைய காதல் என்று என்னென்னவோ தடை சொல்லி யார் யாரோ வந்திருக்கிறார்களாம், பெண்ணே வந்தது கிடையாதாம். காரணம் கேட்டார். சொல்ல வேண்டியவர் நானில்லை ஃபாதர் என்றேன்.  அவர் ஓலைத் தாளை நாலாக மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு, பூசைக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்.

பூசை முடிந்து வெளியே மாதா கெபி அருகில் அத்தை கூச்சல் போட்டார். கோயிலே திரண்டு நின்றது. அம்மா முக்காட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாதான், நம் அப்பாதான் அண்ணா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்று, "எம் பொண்ணு வாணாம்னா வாணாம். இன்னாத்துக்குக் கத்திகினு கீறீங்க? ஊட்டுக்குப் போங்க" என்றார். குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னார்.

உன் சின்னப்பன் அண்ணனுக்கு இந்நேரம் தந்தி போயிருக்கும். அதற்கு நான் வருந்தவில்லை.

செலின்


மனாமா,
6-5-1989

என் அன்புத் தங்கை செலினுக்கு,

உன் முந்தின இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். உடம்பு நலம். மனசு இப்போதுதான் நலம்.

வேம்புலியம்மாள் சொன்னது சரி. பயம்தான். லீவு கேட்கப் போனபோது கச்சேரி விஷயத்தையும் உளறிவிட்டேன். சின்னப்பன், "உன் தங்கச்சி அங்க போனா நீ இங்க இருக்க மாட்ட" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். பிப்ரவரியில் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வேலை. போடாமல் ஒவ்வொரு மாதமாக நீட்டிக்கொண்டே போனார். நீ மன்னிப்புக் கேட்டால் போடுவதாகச் சொன்னார். இதை உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீ எனக்காகப் போகாமல் இருந்துவிடுவாயோ என்று ஒரு பக்கம் வெட்கம். எழுதாமலே போகாதே என்று சொல்லிவிட்டேன். அது அதைவிடக் கேவலம். இப்போதுதான் புரிகிறது.

தந்தி வந்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டு, நீ நடத்தை கெட்டவள், அதனால்தான் கல்யாணம் நின்றது என்று உன் அண்ணனாகிய நானே பூந்தமல்லிக்கு எழுத வேண்டும் என்றார். எழுதினால் பழையபடி வேலை. தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். இங்கே எங்கள் பட்டறையில் பதினெட்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாளில், "என் தங்கை தெரிந்தேதான் போனாள். நானும் போயிருப்பேன். விடவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். இரண்டு நாளில் பாஸ்போர்ட்டை மேஜை மேல் விட்டெறிந்தார். ஜூன் முதல் வாரம் வந்துவிடுவேன். வேலை இல்லாமல் வருகிறேன் என்று அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். உனக்குப் பக்குவம் வராது, அப்பாவை விட்டுச் சொல்லச் சொல்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்த அத்தை அப்படித்தான் என்று முதலிலேயே உனக்குத் தெரியும். பையன் நல்ல மாதிரி என்றுதானே எழுதியிருந்தாய்? மூன்றாம் ஓலை வரைக்கும் காத்திருந்துவிட்டு ஏன் நிறுத்தினாய்? சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம்.

கச்சேரியைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அண்ணன்,
பாஸ்கல்


ஆவடி,
24-5-1989

யேசு மரி சூசை துணை.

என் அருமை அண்ணனுக்கு ஆயிரம் முத்தத்துடன் செலின் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், நிஜமாகவே சுகம். அம்மாவிடம் அப்பா சொல்லிவிட்டார். அவள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, "புள்ள எளச்சிருப்பான்" என்று மாங்காட்டுச் சந்தைக்குக் கோழி வாங்க ஆள் அனுப்பிவிட்டாள். நீ வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

இப்போது கேள். மூன்று மணிக்கே மைதானத்துக்குப் போய்விட்டோம். வெயிலில் மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடலை விற்றவன்கூடத் தலைமுடியை வளர்த்திருந்தான். ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள். எவ்வளவு சின்ன மனிதர்கள் அண்ணா! போஸ்டரில் ராட்சசர்கள் மாதிரி இருந்தார்கள். முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வீட்டில் நாம் சத்தத்தைக் குறைத்துக் குறைத்துத்தானே கேட்டிருக்கிறோம், அது இவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வழுக்கைத் தலையன் தனியாக டிரம் அடித்தபோது வேம்புலியம்மாள் என் தோளை உலுக்கி, "இன்னாமே இது, எங்க நைனா சாவு மோளத்துல அடிக்கிற அடியாட்டம் கீது!" என்று கத்திவிட்டுக் குதிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த காலேஜ் பையன்கள் அவளைப் பார்த்து அடி கற்றுக்கொண்டார்கள்.

பதினோரு நிமிஷப் பாட்டை வாசித்தார்கள். பத்தொன்பது நிமிஷம் வாசித்தார்கள்.

அந்தப் பாட்டு ஆரம்பித்தபோதுதான் பார்த்தேன். எனக்கு நாலு கை தள்ளி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு வார்த்தை தப்பாமல் பாடிக்கொண்டிருந்தார். சவரிநாதன்.

ஆமாம் அண்ணா. நியூஸ் மட்டும் கேட்கிறவர்.

கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், வெலவெலத்துப் போனார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து, "அத்தைகிட்ட ஆர்டர் எடுக்கப் போறேன்னு சொல்ட்டு வந்தேன்" என்று காதில் கத்தினார். மீதிப் பாட்டு முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம். அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். நான் அவ்வளவு வாயைத் திறந்து பாடியதற்குப் பாட்டு மட்டும் காரணமில்லை. அந்த நிமிஷத்தில் அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கர்த்தரே, இவரையா எனக்குக் கொடுக்கிறீர் என்று மனசுக்குள் நன்றி சொன்னேன்.

நாலே நாளில் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தார். "நானும் அங்கதான் இருந்தேன் அத்த" என்று நாலு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த அத்தையோடும், அவர் போடும் உப்புக் கணக்கோடும் காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்திருப்பேன். பத்து வாரம் பொறுத்திருந்தேன். யாரிடமும், வேம்புலியம்மாளைத் தவிர, மூச்சு விடவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன். கடைசியில் அவரும் கூடச் சேர்ந்துகொண்டு என்னை மன்னித்தார். என்னோடு நின்று பாடியவர் என்னை மன்னித்தார்! அதை என்னால் விழுங்க முடியவில்லை அண்ணா. அதுதான் தடை.

இதை உன் மேஸ்திரியிடம் சொன்னால் அவர் முகத்தில் கரி பூசலாம், உன் வேலைகூடத் திரும்பக் கிடைக்கலாம். உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அவர் சொல்ல வேண்டியதை நாம் சொல்லிவிட்டால், அப்புறம் அவருக்கு அந்தச் சிரமம் இல்லாமல் போய்விடும்.

நேற்று சாயங்காலம் ஷிப்ட் விட்டு நானும் வேம்புலியம்மாளும் வெளியே வருகிறோம், ஃபாக்டரி எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இளைத்திருக்கிறார். "நீங்க யாருகிட்டயும் சொல்லலியாமே. ஃபாதர்கிட்டகூட. ரொம்ப தேங்க்ஸ்ங்க. அத்தைக்குத் தெரிஞ்சிருந்தா என்ன ஊட்ட உட்டே தொரத்தியிருக்கும்" என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பாவமாக இருந்தது.

"உங்களக் காப்பாத்தறதுக்காக நான் சும்மா இருக்கலீங்க. நீங்களே சொல்றதுக்கு எடம் உட்டு வெச்சேன்" என்றேன்.

சைக்கிள் மணியைத் தடவினார். "இப்பப் போயி சொல்ட்டா?" என்று கேட்டார். "சொல்ட்டா நீங்க..."

வேம்புலியம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் கண் இன்னும் நல்ல கண்தான்.

"சொல்லுங்க. ஆனா என்னத் திருப்பி வாங்கறதுக்காகச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

நீ சுகமாக வந்து சேர ஜெபிக்கும்,
செலின்